மணல் காக்கும் நீர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கடற்கரை மணலில் நடந்து மகிழ்வோர் பலர். அம்மணல் அங்கே எவ்வாறு குவிந்தது, எதற்காக நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலர். பயனற்ற மேடு போலத் தோன்றும் மணற்குன்று, ஓர் ஊரின் குடிநீரையும் விளைநிலத்தையும் காத்து நிற்கக்கூடும். விடுமுறை நாளில் கடலோரச் சிற்றூருக்குச் சென்ற ஒரு குடும்பம் இவ்வுண்மையை அறிந்துகொண்ட விதத்தையும், அதன்பின் அது எடுத்த முடிவையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கடலருகே ஒரு கேள்வி

வைகாசி மாதத் தொடக்கம். மதுரையிலிருந்து புறப்பட்ட அக்குடும்பம் விடியற்காலையில் திருச்செந்தூரை அடைந்தது. தந்தை, தாய், பதினொன்றாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கவிருக்கும் மகள், ஏழாம் வகுப்பு மகன் என நால்வர் வந்திருந்தனர். தாயின் பிறந்த ஊர் அங்கிருந்து தெற்கே கடலை ஒட்டி அமைந்தது. ஆச்சியும் மாமாவும் அங்கே வாழ்ந்து வந்தனர்.

அனைவரும் முதலில் கடலில் நீராடினர்; பின்னர் நாழிக்கிணற்றை அடைந்தனர். பெரிய கிணற்றுக்குள் அமைந்த சிறு கிணறு அது. அதன் நீரைக் கையில் ஏந்திச் சுவைத்த மகன் வியப்படைந்தான்.

"கடல் கூப்பிடு தொலைவில்தானே இருக்கிறது. இந்தத் தண்ணீர் மட்டும் ஏன் கரிக்கவில்லை?"

முருகன் தன் வேலால் உண்டாக்கிய ஊற்று இது என்னும் தலமரபைத் தந்தை சொன்னார். மகள் அதனைக் கேட்டபின், "மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், அப்பா" என்றாள். "ஊருக்குப் போனதும் மாமாவிடம் கேளுங்கள். நம் விளையிலும் இப்படி ஒரு கிணறு இருக்கிறது" என்றார் தாய்.

அந்த விளையைப் பற்றிய கவலை அவர் மனத்தில் இருந்தது. கடலை ஒட்டிய அப்பனந்தோப்பையும் அதன் கிழக்கே உயர்ந்து நிற்கும் மணல்மேட்டையும் விலைக்குக் கேட்டு ஒருவர் வந்திருந்தார். மேட்டைச் சமன்செய்து, கடல் தெரியும்படி தங்கும் விடுதி கட்டுவது அவர் திட்டம். நிலம் ஆச்சியின் பெயரில் இருந்தது. மகன், மகள் இருவரின் ஒப்புதலையும் பெற்றே விற்பது என்று ஆச்சி சொல்லிவிட்டார். மகளின் உயர்கல்விச் செலவை எண்ணியே தாய் இம்முறை ஊருக்கு வந்திருந்தார். ஒப்புதல் படிவம் அவர் பையில் இருந்தது.

செம்மணலும் வெண்மணலும்

தெற்கு நோக்கிச் செல்லும் வழியில் பனைகள் அணிவகுத்தன. மேற்கே சற்று விலகிச் சென்றால் குதிரைமொழித் தேரியைக் காணலாம். தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் காற்றினால் குவிந்த செம்மணல் மேடுகளைத் 'தேரி' என்பது மக்கள் வழக்கு. மணற்பரல்களின் மீது படிந்த இரும்பு ஆக்சைடே அச்செந்நிறத்துக்குக் காரணம். இத்தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளை ஆராய்ந்து சாய்னர், ஆல்சின் என்னும் அறிஞர்கள் 1956ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். எழுத்து தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இம்மணல்மேடுகளில் மனிதர் வேட்டையாடி வாழ்ந்தனர் என்பதற்கு அக்கருவிகள் சான்றாகும்.

இன்றும் தேரியோடு மக்கள் கொண்ட உறவு அறுபடவில்லை. தேரிக்குடியிருப்பில் உள்ள கற்குவேல் அய்யனார் கோயிலின் கள்ளர்வெட்டுத் திருவிழாவின்போது, தேரி மணலை எடுத்துச் சென்று வீட்டிலும் வயலிலும் தூவும் வழக்கம் தொடர்கிறது. உடைமரமும் பனையும் கொல்லாமரம் எனப்படும் முந்திரியும் அம்மணலில் வேரூன்றி நிற்கின்றன.

கடலை நெருங்க நெருங்க மண்ணின் நிறம் மாறியது. சிவப்பு மறைந்து வெளிர்மணல் பரந்தது. தொல்காப்பியம் நெய்தல் நிலத்தைக் குறிக்கும்போது கடலின் பெயரைச் சொல்லாமல் மணலின் பெருமையையே முன்னிறுத்துகிறது. அலையும் காற்றும் குவித்த மேட்டுக்கு 'எக்கர்' என்றும், கடற்கரைச் சோலைக்குக் 'கானல்' என்றும், உப்பங்கழிக்குக் 'கழி' என்றும் பழந்தமிழர் பெயரிட்டு வழங்கினர். ஒரு நிலத்தின் கூறுகளுக்குத் தனித்தனிப் பெயர் இருப்பது, அங்கு வாழ்ந்தோர் அந்நிலத்தை உற்று நோக்கியதைக் காட்டுகிறது.

மணல் நகரும் முறை

பிற்பகலில் வெயில் தாழ்ந்ததும் மாமா பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். காற்று வலுத்திருந்தது. முன்னால் ஓடிய மகன் திடீரென்று நின்று, "காலில் ஊசி குத்துவது போல் இருக்கிறது, மாமா! முகத்தில் ஒன்றும் இல்லையே?" என்றான்.

மாமா சிரித்தார். "குனிந்து பார்."

தரையை ஒட்டி மணல் புகைபோல் ஓடிக்கொண்டிருந்தது. காற்று மணற்பரலைச் சிறிது தூக்குகிறது; அது முன்னே சென்று விழுகிறது; விழுந்த வேகத்தில் வேறு சில பரல்களை எழுப்புகிறது. இவ்வாறு துள்ளித் துள்ளியே மணலின் பெரும்பகுதி பயணம் செய்கிறது. இத்துள்ளல் பெரும்பாலும் முழங்கால் உயரத்திற்குள் அடங்கிவிடும். ஆகவேதான் சிறுவனின் கணுக்கால் மணலை உணர்ந்தது, முகம் உணரவில்லை.

துள்ளி வரும் மணலுக்கு எதிரே ஒரு செடியோ, கரையொதுங்கிய கட்டையோ இருந்தால் காற்றின் வேகம் அவ்விடத்தில் குறைகிறது. சுமையைத் தாங்க இயலாத காற்று மணலை அங்கே இறக்கிவிடுகிறது. கையளவு குவியல் நாளடைவில் மேடாகிறது. காற்று வரும் பக்கம் மேடு சாய்வாகவும், மறுபக்கம் செங்குத்தை நோக்கியும் அமைகிறது. உலர்ந்த மணல் ஏறத்தாழ 34 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்காது. அதற்கு மேல் குவிந்தால் சரிந்துவிடும். மகன் இரு கைகளாலும் மணலைக் குவித்துப் பார்த்தான். எத்தனை முறை குவித்தாலும் மேடு ஒரே சாய்வுக்கே திரும்பியது.

கொடி கட்டிய கரை

மணல்மேட்டின் கடல்நோக்கிய சரிவில் ஊதாநிறப் பூக்களுடன் ஒரு கொடி படர்ந்திருந்தது. மகள் குனிந்து அதன் இலையைத் தொட்டாள். நுனியில் இரண்டாகப் பிளந்த இலை. "அடும்பு!" என்றாள். பாடநூலில் பெயராக மட்டும் அறிந்த கொடியை அவள் அன்றுதான் நேரில் கண்டாள்.

அடும்பிலையை மானின் குளம்போடு ஒப்பிட்டனர் சங்கப் புலவர். தாவரவியலார் இக்கொடிக்கு இட்ட 'ஐபோமியா பெஸ்-காப்ரே' என்னும் பெயரில் உள்ள பின்னிரு சொற்களுக்கு 'ஆட்டின் அடி' என்பது பொருள். காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்ட இரு சாராரும் ஓர் இலையில் குளம்பின் வடிவத்தையே கண்டுள்ளனர்.

அடும்பின் தண்டை மெல்ல உயர்த்திக் காட்டினார் மாமா. கணுதோறும் வேர் இறங்கியிருந்தது. மணல் மூடினாலும் மடியாமல் கணுவில் புதிய வேர்விட்டு மேலேறும் இயல்புடையது அது. அருகே முட்புல் ஒன்று அடர்ந்து வளர்ந்திருந்தது. அதன் பெயர் இராவணன் மீசை. அதன் முள்ளுருண்டை ஒன்று காற்றில் உருண்டோட, மகன் அதைத் துரத்தினான். அவ்வாறு உருண்டே அப்புல் தன் விதைகளைக் கரையெங்கும் பரப்புகிறது. இவ்விரண்டும் முதலில் மணலைப் பிடிக்கின்றன. அவை நிறுத்திய மணலில் பின்னர் தாழையும் புன்னையும் பனையும் நிலைகொள்கின்றன.

"இந்தக் கொடியை அகற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்டாள் மகள்.

"மேடு ஊரை நோக்கி நடக்கும். மேட்டைக் கட்டி வைத்திருக்கும் கயிறு இதுதான்" என்றார் மாமா.

ஒன்றுக்கு நாற்பது

மேட்டைக் கடந்து அவர்கள் பனைவிளைக்குள் இறங்கினர். ஆச்சியும் பெற்றோரும் கிணற்றடியில் அமர்ந்திருந்தனர். ஆச்சி பனையோலைத் தோண்டியால் நீர் இறைத்துப் பேரனிடம் நீட்டினார். அவன் குடித்தான். காலையில் கேட்ட கேள்வி அவனுக்கு நினைவுக்கு வந்தது.

"இதுவும் கரிக்கவில்லை! ஏன், மாமா?"

மாமா ஒரு குச்சியால் மணலில் படம் வரைந்தார். ஒருபுறம் கடல்; மறுபுறம் மேடு; மேட்டின் அடியில் குவிவில்லை போன்ற ஒரு வடிவம். ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஏறத்தாழ 1,000 கிராம். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிராம். மேட்டின் மீது பெய்யும் மழை, பரல்களுக்கு இடையே வழிந்தோடாமல் உள்ளிறங்குகிறது. அந்நீர் எடை குறைந்தது ஆகையால், மண்ணுக்கு அடியில் பரவியிருக்கும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. சீரான மணற்கரையில், நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் தேங்கியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தைச் சேர்ந்த கைபெனும், 1901இல் செருமனியைச் சேர்ந்த எர்சுபெர்க்கும் இத்தொடர்பைத் தனித்தனியே விளக்கினர். நீரியலில் இன்றும் அவ்விருவர் பெயராலேயே இவ்விதி வழங்குகிறது.

தந்தை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவு செலவுக் கணக்கில் பழகியவர் அவர்.

"மேலே 1 மீட்டர் உயர்ந்தால் கீழே 40 மீட்டர் கிடைக்கிறது. அப்படியானால் மேலே 1 மீட்டர் குறைந்தால்?"

"கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறிவிடும்" என்றார் மாமா. "மேட்டைச் சமன்செய்து கல் பரப்பினால் மழை உள்ளே இறங்காது. விடுதிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு இரவும் பகலும் உறிஞ்சினால் மட்டம் இறங்கும். வடக்கே ஒரு விளையில் அப்படித்தான் உறிஞ்சினார்கள். மூன்றாம் ஆண்டில் மோட்டார் உப்புத் தண்ணீரை இறைத்தது. இன்று அங்கே ஒரு தென்னைகூட இல்லை."

யாரும் பேசவில்லை. கிணறு ஒன்றே என்றாலும் அதன் நீரைக் குடித்தவர் பலர். தெருக்குழாயில் நீர் வராத நாள்களில் அவ்வூர்ப் பெண்கள் குடத்துடன் வந்து நிற்கும் இடம் அதுவே.

தெரிந்து தெளிவோம்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853ஆம் ஆண்டு முதல் கடலோர மணற்குன்றுகளில் தேங்கிய நன்னீரைக் குழாய்வழிப் பெற்று வருகிறது. நகரம் வளர வளர, பெய்த மழையினும் மிகுதியாக நீர் எடுக்கப்பட்டது. கீழிருந்த உவர்நீர் மேலேறத் தொடங்கியது. ஆகவே, 1957ஆம் ஆண்டு முதல் ரைன் ஆற்றின் நீரைக் கொண்டுவந்து அக்குன்றுகளுக்குள் செலுத்துகின்றனர். மணல் அந்நீரை வடிகட்டித் தூய்மையாக்கித் திருப்பித் தருகிறது.

அலைக்கு எதிரே ஓர் அரண்

நன்னீரைக் காப்பதோடு மணல்மேட்டின் பணி முடிவதில்லை. புயற்காலத்தில் பேரலைகள் மேட்டின் அடியை அரித்து மணலைக் கடலுக்குள் இழுத்துச் செல்கின்றன. அம்மணல் கரைக்கு அப்பால் நீரடித் திட்டாகப் படிகிறது. அடுத்து வரும் அலைகள் அத்திட்டில் மோதி உடைந்து வலுவிழக்கின்றன. கடல் அமைதியுற்றதும் சிற்றலைகள் அம்மணலைச் சிறிது சிறிதாகக் கரைக்குத் திரும்பக் கொணர்கின்றன. காற்று அதனை மீண்டும் மேட்டில் சேர்க்கிறது. நல்ல காலத்தில் சேர்த்து வைத்து, அல்லற்காலத்தில் எடுத்துக் கொடுக்கும் சேமிப்பு அது. மேடே இல்லாத கரையில் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இராது; கடல் நிலத்தையே எடுத்துக்கொள்ளும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. தமிழ்நாட்டில் நாகப்பட்டினம் மாவட்டம் மிகுதியான உயிர்களை இழந்தது. இலங்கையின் தென்கிழக்கே உள்ள யால பகுதியில் ஆய்வாளர்கள் கண்ட காட்சி சிந்திக்கத்தக்கது. உயர்ந்த மணற்குன்றுகள் சிதையாமல் நின்ற இடங்களில் அவற்றின் பின்னிருந்த நிலம் பெரிதும் தப்பியது. கடற்காட்சிக்காக முன்னிருந்த குன்றின் ஒரு பகுதி அகற்றப்பட்ட விடுதியோ முற்றிலும் அழிந்தது. எல்லாப் பேரலைகளையும் எல்லா மேடுகளும் தடுத்துவிடும் என்று கூற இயலாது. ஆயினும், இருந்த தடையை நீக்கிய இடத்தில் நீர் எளிதாக வழி கண்டது.

இந்தியாவில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. 2011, 2019ஆம் ஆண்டுகளின் அறிவிக்கைகள் மணற்குன்றுகளைச் சூழலியல் முதன்மை வாய்ந்த பகுதிகளுள் சேர்த்துள்ளன. அழகுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ அவற்றைச் செதுக்குவதும் மாற்றுவதும் தடைசெய்யப்பட்ட செயல்கள் ஆகும்.

இதனை மகள் எடுத்துச் சொன்னபோது மாமா, "அனுமதியைத் தாமே பார்த்துக்கொள்வதாக அவர் சொன்னார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்" என்றார்.

ஒப்புதல்

மாலை மங்கியது. விளக்கேற்றும் நேரம் வந்தது. தாய் பையிலிருந்து படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று ஆச்சியைக் கேட்டார்.

"என் காலத்துக்கு இந்தத் தண்ணீர் போதும்" என்றார் ஆச்சி. "உங்கள் காலத்துக்கு எது வேண்டும் என்பதை நான் எப்படிச் சொல்வேன்? வீட்டுக் கூரை ஒழுகுகிறது. பேத்தி படிக்க வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும்."

அச்சொற்களில் குறையும் இல்லை, வற்புறுத்தலும் இல்லை. அதனாலேயே விடை சொல்வது கடினமாயிற்று. நிலத்தின் விலை பெரிது. மாமாவுக்குக் கடன் இருந்தது. பனையேறுவோர் குறைந்துவிட்டதால் விளையின் வருவாயும் சுருங்கியிருந்தது. மேட்டைக் காக்க வேண்டும் என்று சொல்வது எளிது. அதற்கான விலையைக் கொடுப்பது அவ்வளவு எளிதன்று என்பதை அன்று பிள்ளைகளும் கண்டனர்.

மகள்தான் முதலில் பேசினாள். "அம்மா, என் படிப்புக்காக என்றால் இதில் கையெழுத்துப் போட வேண்டாம். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு நான் படிக்கிறேன்."

"கல்விக் கடன் வாங்கலாம். திருப்பிக் கட்ட வழி இருக்கிறது. உப்பு ஏறிய கிணற்றை எந்தக் கடனாலும் மீட்க முடியாது" என்றார் தந்தை.

மாமா சிறிது நேரம் கடற்பக்கம் பார்த்திருந்தார். பின்னர்த் தங்கையை நோக்கி, "இந்த ஆண்டு பதநீரை விற்காமல் கருப்பட்டியாகவே காய்ச்சுகிறேன். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கேட்டு வருவோர் இருக்கிறார்கள். கூரையை இரண்டு பருவத்தில் சரிசெய்துவிடலாம்" என்றார்.

தாய் படிவத்தை நான்காக மடித்து மீண்டும் பையில் வைத்தார். அதில் கையெழுத்து இல்லை.

மறுநாள் புறப்படும்போது மகன் கிணற்றடிக்கு ஓடினான். வரும்போது கடையில் வாங்கிய நீர்ப்புட்டி காலியாக இருந்தது. ஆச்சி தோண்டியைச் சாய்க்க, அவன் அதனை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டான்.

சொல்லும் பொருளும்

எக்கர் – அலையாலும் காற்றாலும் குவிந்த மணல்மேடு
கானல் – கடற்கரைச் சோலை
கழி – உப்பங்கழி
விளை – பனை முதலிய மரங்கள் நிற்கும் தோப்பு (தென்மாவட்ட வழக்கு)
தோண்டி – நீர் இறைக்கும் கலம்
பரல் – மணியளவான சிறு கல், மணல்மணி

கற்பவை கற்றபின்

1. ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புநீரை நிரப்பி, அதன்மேல் வண்ணம் கலந்த நன்னீரைக் கரண்டியின் வழியாக மெதுவாக ஊற்றுக. நிகழ்வதை உற்றுநோக்கி, பாடத்தில் வரும் கிணற்று நீரோடு ஒப்பிட்டு எழுதுக.
2. உங்கள் பகுதியில் மண், மணல், நீர்நிலை ஆகியவற்றின் வகைகளைக் குறிக்கும் வட்டாரச் சொற்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.
3. 'மணல்மேட்டைக் காக்கும் பொறுப்பு நிலத்தின் உரிமையாளருக்கு மட்டுமே உரியதா?' – வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா

1. தேரி மணல் செந்நிறமாக இருப்பதற்குக் காரணம் யாது?
2. மணற்பரல் சிறுவனின் கணுக்காலில் பட்டு, முகத்தில் படாதது ஏன்?

சிறுவினா

1. அடும்பு மணல்மேட்டைக் 'கட்டி வைத்திருக்கும் கயிறு' எனப்படுவது ஏன்? விளக்குக.
2. புயற்காலத்தில் மணல்மேடு கரையைக் காக்கும் முறையை எழுதுக.

நெடுவினா

நிலத்தை விற்பதில்லை என்னும் முடிவுக்காக அக்குடும்பத்தின் ஒவ்வொருவரும் ஏற்றுக்கொண்ட இழப்பு யாது? அம்முடிவு சரியானதா என்பது குறித்து உம் கருத்தைக் காரணங்களுடன் தொகுத்து எழுதுக.